எதற்கு ஓம்?

ஜெர்மன் மொழியில் 'பவுஸ' என்று ஒரு சொல் உண்டு. பாடசாலை இடைவேளைக்கும் அதுதான், பாட்டில் குரல் நிற்க வேண்டிய இடத்துக்கும் அதுதான். முப்பது வருடம் அந்த மொழியை மொழிபெயர்த்துப் பிழைத்தவன் நான். இருந்தும், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் நடந்த முதல் பாட்டு ஒத்திகையில் ஒரு ஜெர்மன்காரர் கையைத் தூக்கி "பவுஸ!" என்றதும், "இடைவேளையாம்" என்று அறிவித்துவிட்டேன். அவர் கண்ணை மூடி ஏழு வரைக்கும் எண்ணினார். கண்ணைத் திறந்து பார்த்தால், பாடகர் குழுவில் பாதிப் பேர் பிளேன்டீ மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.

மொழிபெயர்ப்புப் படிக்கிற உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, உங்கள் மலரில் போட ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, இந்த மாதிரிக் கதைகளைத்தான் மனதில் வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அவை மூட்டை மூட்டையாக இருக்கின்றன. எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. எழும்பி வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். "கதிரைல முள்ளா இரிக்கி?" என்று மனைவி கேட்டுவிட்டாள். போன மாதம் அந்த ஜெர்மன்காரர் இறந்துபோன செய்தியை வாசித்த நாளில் இருந்து எனக்கு இப்படித்தான். ஆகவே சிரிப்புக் கதையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதில் இரண்டு பிழைகள் வருகின்றன. இரண்டும் என்னுடையவை.

அவர் அங்கே பெரிய இசையமைப்பாளர். சினிமாவுக்கு இசை போடுகிறவர் இல்லை. மண்டபத்தில் ஆட்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்கிற இசை. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பன் கிறிஸ்தவக் கோயிலில் ஓர்கன் வாசித்தவர். அந்தக் கோயிலில் கோபுரம் இருந்தது, மணி இல்லை. போர்க்காலத்தில் கழற்றிக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்களாம். இவருக்கு ஏழு வயதாகும்போதுதான் புது மணி வந்தது. முதல் தரம் அடித்தபோது ஊரே தெருவில் நின்றது, தகப்பன் அழுதார், ஏன் அழுகிறீர்கள் என்று இவர் கேட்டதற்குக் கடைசி வரைக்கும் பதில் இல்லை. "நான் எழுதியது எல்லாம் அந்தப் பதிலைத்தான்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

இளம் வயதில் எண்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவை உட்கார வைத்து, மூச்சு விடுகிற அளவு சத்தத்துக்கு வாசிக்கச் சொன்னாராம். சனம் விசிலடித்துக் கேலி செய்தது, பாதிப் பேர் எழும்பிப் போனார்கள். போனவர்களின் சப்பாத்துச் சத்தத்தை மனதில் குறித்து வைத்து, அடுத்த படைப்பில் அதையே தாளமாக்கினார். அப்படிப்பட்ட ஆள். பிறகு பேர் வந்தது, பேராசிரியர் ஆனார், மாணவர்கள் வந்தார்கள். எழுபதை நெருங்கும் வயதில் ஒரு நாள் காலையில் மேசையில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கேட்பது நின்றுவிட்டது. நான்கு வருடம் ஒரு வரி எழுதவில்லை. அவர் நாட்டு வானொலி நிலையம் ஒன்று, எங்கேயாவது தூரத்துக்குப் போய் ஒரு கடைசி முயற்சி செய்து பாருங்கள் என்று அனுப்பியதில் கண்டிக்கு வந்து சேர்ந்தார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம். கடைசியில் ஊர்ப் பாடகர்களை வைத்து ஒரு கச்சேரி.

பாடகர்கள் முப்பது பேர். பாதிப் பேர் அம்பிட்டியக் கத்தோலிக்கக் குடும்பங்கள், மிச்சம் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டப் பக்கத்தில் இருந்து வேனில் வருகிறவர்கள். இவர்களோடு வதனி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர், பெண் குரலில் கீழ்க்குரல் பாடுகிறவர். பெயரை மாற்றியிருக்கிறேன்.

ஜெர்மன்காரரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றார்கள். மாஸ்டருக்கு இருப்பே கொள்ளாது. கையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு புசல்லாவை வீதியில் பஸ் ஹோர்ன்களைப் பதிவு செய்வார், கொழுந்து பறிக்கிற பெண்கள் கூப்பிட்டுக் கதைப்பதைப் பதிவு செய்வார், அறைக்கு வந்து கேட்பார், தலையை ஆட்டி அழிப்பார். மறுநாள் வேறு இடம். நான் பின்னால் ஓட வேண்டும். கணினியை நம்பாதவர். பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் இல்லை. பென்சில், தாள், அந்தக் கருவி, அவ்வளவுதான். மூன்று கிழமை போனது. மேசையில் இருந்தது வெறும் தாள். அவர் அறைக்குள் நடக்கிற சத்தம் கீழே முற்றத்தில் நிற்கிற எனக்குக் கேட்கும். என்னையும் அது தொற்றிக்கொண்டது. இரவில் நித்திரை இல்லை.

அன்று மத்தியானம் ஒத்திகை மண்டபத்தில் நல்ல மழை. விறாந்தைத் திண்ணையில் கருவியை வைத்து, தகரக் கூரையில் விழுகிற மழையைப் பதிவு செய்துகொண்டிருந்தார். இரண்டு முழம் தள்ளி வதனி டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு போன் கதைத்தார். நான் உள்ளே கதவோரம் நின்றேன். டீச்சர் சொன்னது எனக்குக் கேட்டது. "ஓம்." நெடுநேரம் ஒன்றுமில்லை. "ஓம்." மறுபடி மழைச் சத்தம் மட்டும். பிறகு குரல் இறங்கி, மெல்ல, "ஓம்... ஓம்... ஓம்..."

மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். கண் இரண்டும் கலங்கி இருந்தன. "கேட்டீர்களா? அவர் பிரார்த்தனை செய்கிறார்! மழைக்கு முன்னால் நின்று, அந்தப் புனித ஒலியை!"

இந்த நாட்டில் தமிழர்கள் எத்தனை விதமாக 'ஆம்' சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டப் பக்கத்தில் 'ஆமா'. நாங்கள், கண்டி முஸ்லிம்கள், 'ஓ'. யாழ்ப்பாணத்தார் 'ஓம்'. மரக்கறி வாங்கும்போதும் ஓம், பஸ்ஸில் சீட் இருக்கிறதா என்றால் ஓம். ஒரு வசனத்தில் அதை அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் கூட வேலை செய்த ஒரு அம்மையார், "கேட்டதைச் சொல்லு, கேட்காததைச் சொல்லாதே" என்று மண்டையில் ஏற்றியிருந்தார். மாஸ்டர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான்கு வருடம் எழுதாத மனுஷன் மழையில் நனைந்துகொண்டு மேசைக்கு ஓடுகிறார். அவரை மறித்து, "ஐயா, அது வெறும் ஆம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் வதனி டீச்சரின் தாயார் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி வந்தது. டீச்சர் விடியவே பஸ் ஏறிவிட்டார். முதல் நாள் போனையும் அடுத்த நாள் மரணத்தையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய மூளை தேவையில்லை. எனக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாஸ்டர் பதினொரு நாள் எழுதினார். நடை நின்றுபோனது. தாள் தாளாகக் கொண்டுவந்து குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசிப் பகுதி முழுக்க முப்பது குரலும் "ஓம்" என்று ஏறி இறங்க வேண்டும். ஹுன்னஸ்கிரியவில் இருந்து வருகிற புஷ்பம் என்னைக் கூப்பிட்டார். முஸ்லிம் என்பதால் குழுவில் எல்லோருக்கும் நான் 'நானா', அதாவது அண்ணன்.

"என்னாங்க நானா இது, நாங்க மாதா கோயில்ல பாடுறவங்க. இவரு ஓம் ஓம்னு பாடச் சொல்றாரு. சாமியாருக்கு என்னா பதில் சொல்றது?"

"வதனி டீச்சர் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்றாங்களே. அத நெனச்சுப் பாடுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதி வந்தாலே யாராவது "டீச்சர், புத்தகம் கொண்டுவந்தீங்களா?" என்பார், முப்பது பேரும் "ஓம்" என்று தொடங்குவார்கள். மண்டபத்தில் அது பகிடி என்று தெரியாத ஒரே ஆள் மாஸ்டர். அவர்கள் சிரித்துக்கொண்டு பாடுவதைப் பார்த்து, என்ன மகிழ்ச்சி, என்ன மகிழ்ச்சி என்று அவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கையில் டீச்சர் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, பாட வந்தேன் என்றார். அவரைக் கண்டதும் மாஸ்டருக்குப் பெரிய சந்தோஷம். யாருக்கும் சொல்லாமல் கருவியை ஒலிபெருக்கியில் மாட்டினார். "இந்தப் படைப்பு யாரிடம் இருந்து வந்தது என்று இன்றைக்குக் காட்டப் போகிறேன்" என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். முதலில் மழை. பிறகு மண்டபம் நிறைய டீச்சரின் குரல். ஓம். ஓம்.

இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி, டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். அவர் பாட்டுத் தாளைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். விறாந்தையில் அதே இடத்தில் நின்றார்.

"எப்ப பதிஞ்சவர் இதை?"

சொன்னேன்.

"டொக்டர் கேட்டவர், அம்மாவின்ர மூச்சு மெசினைக் கழட்டட்டோ எண்டு" என்றார். "அண்ணாவால வாய் திறக்கேலாமப் போச்சு. போனில என்னட்டக் கேக்கச் சொல்லிப்போட்டார். நான்தான் ஓம் எண்டனான். பிறகு அண்ணா போனை அம்மாவின்ர காதில வச்சவர். எனக்கு வேற சொல்லே வரேல்லை, நானா. சின்னனில அம்மா குசினிக்குள்ள இருந்து கூப்பிட்டா ஓம் ஓம் எண்டுகொண்டு ஓடுவன். அதைத்தான் சொன்னனான்."

அன்று கதவோரம் நின்று நான் கேட்டது இதைத்தான்.

"இதை அவருக்குச் சொல்லாதேங்கோ" என்றார். "கச்சேரியில போட வேண்டாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் மாஸ்டரின் அறையில் நின்று, அந்தப் பதிவைக் கச்சேரியில் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டதைச் சொன்னேன், என் பிழையையும் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு 'ஆம்' என்பதைத் தவிர அர்த்தம் இல்லை. அவர் பிரார்த்தனை செய்யவில்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார். இது முதல் நாளே எனக்குத் தெரியும்.

அவர் கையில் இருந்த பென்சில் முறிந்தது. மறுபடி நடக்கத் தொடங்கினார். "பதினொரு நாள்! பதினொரு நாள் என்னைக் கோமாளியாக எழுத விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றீர்களா?" ஜன்னலுக்கும் கதவுக்கும் பத்துத் தரமாவது நடந்திருப்பார். பிறகு நின்று கேட்டார்: "எதற்கு ஆம் என்றார்?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

முட்டாள் இல்லை அவர். "சரி" என்றார். "நான் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். நாளைக்கு. நீங்கள் என் வார்த்தையை அப்படியே சொன்னால் போதும்."

அந்த 'அப்படியே' என்னைச் சுட்டது. சுட வேண்டியதுதான்.

மறுநாள் ஒத்திகைக்கு முன்னால், காலியான மண்டபத்தில் மூன்று பேரும் நின்றோம். கருவி மாஸ்டரின் கையில் இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், வார்த்தை பிசகாமல் சொன்னேன். உங்கள் குரலை உங்களைக் கேட்காமல் எடுத்தது திருட்டு என்றார், அதையும் சொன்னேன். டீச்சர் தலையசைத்தார். அதன் பிறகு மாஸ்டர் கருவியைத் தூக்கிக் காட்டி, மெதுவாக, நான் பிழை விடக்கூடாது என்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "இதை அழித்துவிடட்டுமா?"

வாயைத் திறந்தேன். 'அழிக்கட்டுமா' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அங்கே அது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. கழட்டட்டோ? இதே மனுஷியிடம் கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு முன்னால் ஒருவர் இப்படித்தான் கேட்டார். இன்னொரு தரம் நான் எப்படிக் கேட்பது? அந்தக் கருவிக்குள் இருப்பது ஒரு மகள் தாயோடு கடைசியாகப் பேசியது. அதை அழிக்கலாமா என்று மகளிடமே கேட்கிற பாவத்தை நான் செய்யமாட்டேன் என்று அந்த ஒரு வினாடியில் தீர்மானித்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"இத உங்கட கைலயே தரட்டுமான்னு கேக்கிறார், டீச்சர்."

டீச்சர் சரி என்றதும் மாஸ்டர் பக்கம் திரும்பி, அழிக்க வேண்டாம், அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஜெர்மனில் சொல்வது என்னுடைய திட்டம். அரை மூச்சு போதும் எனக்கு.

டீச்சர் அந்தக் கருவியையே பார்த்தார். கண் நிறைந்தது. "ஓம்" என்றார், வலது கையை நீட்டினார்.

மாஸ்டருக்கு நான் தேவைப்படவில்லை. அந்தச் சொல் என்னவென்று முந்தின நாள் நான்தானே படிப்பித்தேன். பெருவிரலால் அழுத்தினார். நிச்சயமா என்று கருவி கேட்டிருக்க வேண்டும், இன்னொரு தரம் அழுத்தினார். சிவப்பு வெளிச்சம் சிமிட்டி அணைந்தது. கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நீட்டியிருந்த டீச்சரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அழுதார். தகப்பன் மணி கேட்டு அழுதது இப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் போன பிறகும் டீச்சரின் கை விரிந்தபடியே இருந்தது.

"ஏன் நானா அதை உள்ளுக்கு வச்சிட்டார்? பிறகு தருவாரோ?"

கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். பிறகு தருவார் என்று சொல்லலாம். எத்தனையோ பொய்கள் வரிசையில் நின்றன. எதையும் எடுக்கவில்லை என்பது ஒன்றுதான் அந்த விஷயத்தில் நான் செய்த சரியான காரியம்.

"அவர் அழிச்சிட்டார், டீச்சர்."

"நான் தரச் சொல்லித்தானே ஓம் எண்டனான்?"

"ஓ. அவர் கேட்டது வேற. நான்தான் மாத்திக் கேட்டேன்."

"அவர் உண்மையா என்ன கேட்டவர்?"

"அழிக்கட்டுமான்னு."

டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலைக் கூட உயர்த்தவில்லை.

"அதைக் கேட்டிருந்தா நான் இல்லை எண்டு சொல்லியிருப்பன், நானா."

கச்சேரி நடந்தது. மாஸ்டர் கடைசிப் பகுதியை மாற்றவில்லை, பெயரை மட்டும் மாற்றி 'ஆம்' என்று வைத்தார். டீச்சர் தன் வரிசையில் நின்று முழுக்கப் பாடினார். அந்தப் படைப்புத்தான் மாஸ்டருக்குப் போன பேரைத் திருப்பித் தந்தது. அவருடைய பிற்காலம் கண்டியில் தொடங்கியது என்று அங்கே எழுதுகிறார்கள். ஒரு பேட்டியில் அவர் சொன்னதை வாசித்தேன்: தனக்குப் பெறுமதியான ஒன்றை அழித்துவிடும்படி ஒரு பெண் ஒரே சொல்லில் சொன்னார், விட்டுக்கொடுப்பது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன் என்று. போன மாதம் வந்த மரணச் செய்தியிலும் அதே வசனம். அந்தப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை என்பது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருக்குக் கடிதம் எழுதப் பல தரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தரமும் எழும்பி வாசலுக்குப் போய்விட்டேன். இனி எழுதவும் முடியாது.

என்னிடம் பாடம் கேட்டால், நான் வைத்திருப்பது இவ்வளவுதான். முதல் தரம் சொல்ல வேண்டியதை விழுங்கினேன், இரண்டாம் தரம் சொல்லக் கூடாததை என் கையால் சமைத்துப் பரிமாறினேன். இரண்டு தரமும் இரக்கம்தான் காரணம். இரண்டு தரமும் எது தாங்கும், எது தாங்காது என்று இன்னொருவருக்காக நான் தீர்மானித்தேன். டீச்சரால் அந்தக் கேள்வியைத் தாங்க முடிந்திருக்கும். தாங்க முடியாதவன் நான். உங்கள் முன்னாலும் ஒரு நாள் அப்படி ஒரு கேள்வி வரும். நாக்கு நடுங்கும். நடுங்கட்டும், கேளுங்கள்.

இதை எழுத முன்னர் டீச்சருக்கு போன் எடுத்தேன். ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மாஸ்டர் இறந்ததைச் சொன்னேன், அவருக்காகச் செபிக்கிறேன் என்றார். பிறகு கேட்டேன்.

"டீச்சர், நடந்தத எழுதட்டுமா?"

"ஓம்."

"எதுக்கு ஓம், டீச்சர்?"

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. நான் விடவில்லை. போன் வந்ததை எழுதுவேன், டொக்டர் கேட்டதை எழுதுவேன், அம்மாவின் காதில் சொன்னதை எழுதுவேன், நீட்டின கையை எழுதுவேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நின்றேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாவின்ர பேரை மட்டும் போடாதேங்கோ, நானா. மற்றதுக்கு ஓம்."